ஷூயினின் கீபோர்டும் ஜின்ஃபாவின் வாரண்டியும்

மண்ணியல் வகுப்பு பாதியில் இருக்கும்போது ஷூயினின் லேப்டாப் செத்துப்போனது. முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. பேராசிரியர் ஈரக் களிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஷூயினின் விரல்கள் அவருக்கு அரை வாக்கியம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. திரை ஒருமுறை கண் சிமிட்டியது, உடனே இருண்டுவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹான்னி அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வகுப்பில் யார் என்ன பேசினாலும் அதை ஷூயின் தட்டி, திரையில் எழுத்தாக ஓடவிட்டால்தான் அவளுக்குப் பாடம். தைபே நீதிமன்றம் ஒன்றில் வாக்குமூலங்களைத் தட்டியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட ஷூயினுக்கு இது இரண்டாவது உத்தியோகம். முதலாவதைவிட இதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. நீதிமன்றத்தில் அவள் தட்டியதை யாரும் விரும்பிப் படித்ததில்லை. இங்கே ஒருத்தி ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தாள்.

பட்டனை அழுத்திப் பார்த்தாள், சார்ஜரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, கையால் எழுத ஆரம்பித்தாள். பேச்சின் வேகத்துக்கு எந்தக் கை எழுதும்? மூன்று வாக்கியத்துக்கு ஒன்று என்று பொறுக்கிப் பொறுக்கி எழுதிக்கொண்டிருந்தபோது வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். ஷூயின் அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருந்தாள்.

ஹான்னி காகிதத்தின் ஓரத்தில் எழுதினாள்: “என்ன சிரிப்பு டீச்சர்?”

“நான் கவனிக்கலம்மா” என்று எழுத வேண்டியிருந்தது. ஹான்னி சரி என்று தலையசைத்தாள். இதெல்லாம் பழகிப்போன ஒருத்தியின் தலையசைப்பு. யோங்ஹேயில் இருந்த வீட்டுக்கு வரும் பேருந்தில் வழி நெடுக அது ஷூயினை உறுத்திக்கொண்டே வந்தது.

வீட்டில் கணவன் ஜின்ஃபா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“லேப்டாப் போச்சு. நாளைக்கே புதுசு வாங்கணும்.”

“நாளைக்கேவா?” நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொன்னதுபோல் நிமிர்ந்தான் ஜின்ஃபா. “போனது திரையா, உள்ள இருக்கற போர்டா?”

“உயிர் போச்சு. உள்ள எது போனா எனக்கென்ன?”

“அவசரப்பட்டு எதையும் வாங்கக் கூடாது ஷூயின். விசாரிக்கணும்.”

விசாரிக்கணும் என்ற சொல்தான் ஷூயினுக்குப் பயம். ஜின்ஃபா ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். உலகத்தில் எல்லாப் பொருளும் பழுதாகக் காத்திருக்கிறது, எங்கே எப்போது என்பதுதான் கேள்வி என்பது அவன் கொள்கை. போன முறை சோறு வேகவைக்கும் குக்கர் வாங்க அவன் விசாரித்த காலத்தில் இருவரும் நூடுல்ஸ் தின்றே நாளை ஓட்டினார்கள்.

அவள் பயந்தபடியே ஆனது. சாப்பாட்டு மேசையில் அவனுடைய போன் படுக்காமல் நின்றபடியே இருந்தது. அதில் யாரோ ஓர் இளைஞன் லேப்டாப்களைப் பிரித்துப் பிரித்து உள்ளே காட்டிக்கொண்டிருந்தான். பெரிய கடைகளில் ஆண்டுவிழாத் தள்ளுபடி அடுத்த மாதம். ஆன்லைன் தள்ளுபடி நவம்பரில். அதற்கும் பொறுத்தால் புது மாடல் வந்து பழையது விலை இறங்கும்.

“அதுக்கும் பொறுத்தா நான் செத்தே போயிடுவேன், லேப்டாப்பே தேவைப்படாது” என்றாள் ஷூயின்.

“பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கு. வாங்கி மறுநாளே விலை இறங்கினா வயிறு எரியப்போறது யாரு?”

“நீதான். எனக்கு இப்பவே எரியுது.”

ஷின்ச்சு நகரில் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் பெய்லினுக்குப் போன் போட்டாள். அவளுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. “ஆன்லைன்ல போடும்மா. காலைல வாசல்ல வந்து நிக்கும்.”

“தட்டிப் பார்க்காம எப்படிடி வாங்கறது?”

“எல்லா கீபோர்டும் ஒண்ணுதாம்மா.”

“எல்லா மாமியாரும் ஒண்ணுதான். போய் ஒருத்திகிட்ட வாழ்ந்து பாரு.”

ஜின்ஃபாவின் தம்பி ஜப்பானுக்கு, ஒசாகா போகிறானாம், அங்கே வரி இல்லாமல் வாங்கி வருகிறானாம். “ஆனா அண்ணி, கீபோர்டுல நம்ம எழுத்து இருக்காது, பரவாயில்லயா?” என்று அவன் கேட்டபோது, “நான் எழுத்தைப் பார்த்தா தட்டறேன்?” என்று சீறிவிட்டாள். அவன் உதவி செய்யத்தான் வந்தான், பாவம். ஆனால் ஆளாளுக்கு வந்து உதவி செய்யச் செய்ய ஒரு சங்கதியும் முன்னால் நகராததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இதற்கிடையில், அவளை வேலைக்கு அனுப்பும் சங்கம் ஒரு பழைய லேப்டாப்பை இரவல் கொடுத்திருந்தது. அதில் பாதி விசைகள் ஒழுங்காக இறங்காது. எழுத்துகள் விட்டுப்போய், வரிகள் எல்லாம் பல் விழுந்த வாய்போல் ஓடின. ஹான்னி விட்டுப்போனதை ஊகித்து ஊகித்துப் படித்தாள். ஒருநாள் மென்மையாக எழுதிக் காட்டினாள்: “டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

அன்று மாலை ஷூயின் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்: “சனிக்கிழமை பாதே சாலைக்குப் போறோம். வாங்கிட்டுத்தான் திரும்பறோம். நீ வரலைன்னா நான் தனியாப் போறேன்.”

தனியாகப் போவேன் என்றதும் ஜின்ஃபா சட்டென்று இறங்கி வந்தான். அவள் தனியாகப் போனால் ஏமாந்துவிடுவாள் என்பது அவன் கவலை.

பாதே சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். கணினிக் கடைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவர்கள் நுழைந்த முதல் கடையில் முப்பது வயதுக்காரன் ஒருவன், மிங்தா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவன், நேராக ஜின்ஃபாவிடம் வந்தான்.

“வாங்கண்ணே. என்ன பார்க்கறீங்க? கேம் ஆடவா, ஆபீஸ் வேலைக்கா?”

“எனக்குத்தான்” என்றாள் ஷூயின்.

“ஓ, அக்காவுக்கா! அப்போ சிம்பிளா ஒண்ணு போதுமே. பேரப்பசங்க போட்டோ, நாடகம், கொஞ்சம் ஷேர் மார்க்கெட்டு…”

“எனக்குப் பேரனும் இல்ல, ஷேரும் இல்ல. கீபோர்டு நல்லா இருக்கணும்.”

“நம்ம கடையில எல்லாமே நல்ல கீபோர்டுதான்க்கா.”

வேறொரு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். பேசாமல் மேசைகளின் பக்கம் போனாள். சந்தையில் கொய்யாப்பழத்தை அழுத்திப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு லேப்டாப்பாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஒன்று நனைந்த பஞ்சு. ஒன்று வெறும் தகரம். தங்க நிறத்தில் மினுக்கிய ஒன்றில் விசைகள் அழுந்தவே இல்லை, மேசையைத் தட்டுவதுபோல் இருந்தது. விற்பவர்களும் வாங்குபவர்களும் எதையெதையோ பேசிக்கொள்கிறார்கள், விரல் படும் இடத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே என்று மனம் கசந்தது. கடைக்கோடியில், தள்ளுபடி அட்டை எதுவும் ஒட்டாமல், மங்கிய சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதில் விரல் வைத்தாள். விசை ஆழமாக இறங்கியது, சத்தமில்லாமல் சரியான நேரத்தில் ஏறியது. பத்து விரலும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டதுபோல் இருந்தது.

முகத்தைப் பார்த்தே மிங்தா கண்டுகொண்டான். இனி லேப்டாப்பை விற்க வேண்டியதில்லை, வாரண்டியை விற்றால் போதும்.

“அருமையான மெஷின்க்கா. கம்பெனி வாரண்டி ரெண்டு வருஷம். அது போதுமா சொல்லுங்க? மூணாவது வருஷம்தானே எல்லாம் போகும்? அதுக்குத்தான் நம்ம கடை எக்ஸ்டெண்டட் வாரண்டி. கீழ விழுந்தாலும் சரி, தண்ணி கொட்டினாலும் சரி, பேட்டரி போனாலும் சரி, ஒரு கேள்வி கேக்க மாட்டோம். சரி பண்ண முடியலன்னா புதுசே குடுத்துருவோம்.”

ஜின்ஃபா நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கினான். இருமல் மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளைக்கூட விடாமல் படிப்பவன் அவன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொடி எழுத்துகளில் இறங்கினான். கடை காத்திருந்தது. கடைசியில் நிமிர்ந்தான்.

“தம்பி, இதுல கீழ விழுந்தா கிடையாதுன்னு போட்டிருக்கு. தண்ணி கிடையாது. பேட்டரியும் கிடையாது.”

“ஆமாண்ணே. நான் அதெல்லாம் உண்டுன்னு சொல்லலயே.”

“இப்பத்தானே சொன்னே?”

“இல்லண்ணே, நிபந்தனைகளுக்கு உட்பட்டுன்னுதான் சொன்னேன். நீங்க சரியாக் கேக்கல போல.”

ஜின்ஃபா தடுமாறிப்போனான். கொஞ்ச நாளாகவே இடது காது மந்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாட்சிக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தவன், அவள் முன்னால் இருந்த திரையைப் பார்த்தான்.

கீபோர்டுக்கு நேராகக் கையும், காதுக்கு எட்டும் தூரத்தில் பேச்சும் இருந்தால் ஷூயினின் விரல்கள் அவளைக் கேட்பதில்லை. மிங்தா வாய் திறந்ததிலிருந்து எல்லாம் அங்கே இருந்தது. கீழ விழுந்தாலும் சரி. தண்ணி கொட்டினாலும் சரி. ஒரு கேள்வி கேக்க மாட்டோம். நடுவில் அவன் சக ஊழியனைப் பார்த்து “அந்த டீய எடுத்துடாதடா, என்னுது” என்றதுகூட ஒரு வரியாக இருந்தது. நான் அதெல்லாம் உண்டுன்னு சொல்லலயே என்பதும் அதற்குக் கீழேயே பதிவாகியிருந்தது.

ஜின்ஃபா முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தான். டீக்கு வந்தபோது பக்கத்து மேசையில் இருந்த ஊழியன் சிரித்துவிட்டான். மிங்தாவின் காது சிவந்தது.

“நீ எப்பத் தட்டினே?” என்று ஜின்ஃபா மெதுவாகக் கேட்டான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் வேலை செய்து அவன் பார்த்ததே இல்லை.

“தெரியல” என்றாள். உண்மையிலேயே தெரியாது.

“கிளம்பு. பொய் சொல்றவன்கிட்ட ஒரு திருகாணிகூட வாங்கக் கூடாது.” கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஷூயினின் கால்கள் வந்தன, விரல்கள் அந்தச் சாம்பல் நிற லேப்டாப்பிலேயே இருந்தன.

அதன் பிறகுதான் உண்மையான அலைச்சல். அந்த மாடல் வேறு எந்தக் கடையிலும் இல்லை. வரவழைக்கணும் என்றார்கள். அது நின்றுபோச்சே என்றார்கள். அதைவிட நல்லது இருக்கு என்று தகரத்தைக் காட்டினார்கள். எல்லா இடத்திலும் ஒரு வாரண்டி, எல்லா வாரண்டிக்கும் ஒரு பொடி எழுத்துத் தாள். ஜின்ஃபா ஒன்றைக்கூட விடாமல் நின்று படித்தான். அவளுக்குப் பாதம் வீங்கிவிட்டது.

சந்துக்குள் ஒரு கடையில் பன்றி இறைச்சிக் குழம்புச் சோறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“நான் அந்த முதல் கடையிலேயே வாங்கப் போறேன்” என்றாள் ஷூயின்.

“வெக்கமா இல்ல உனக்கு? முகத்துக்கு நேரா பொய் சொன்னான்.”

“அவன் எதுல பொய் சொல்வான்னு தெரிஞ்சுபோச்சு. மத்தவங்க எதுல சொல்வாங்கன்னு இனிமேதான் கண்டுபிடிக்கணும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல.”

“நவம்பர் வரைக்கும் பொறுத்தா, அதே மாடல் ஆன்லைன்ல…”

ஷூயின் கிண்ணத்தை டக்கென்று வைத்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

“வகுப்பே சிரிச்சுது ஜின்ஃபா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எதுக்குன்னு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. அவ சரின்னு தலையாட்டிட்டா. நீ என்னடான்னா நவம்பர், நவம்பர்ங்கறே.”

ஜின்ஃபா சோற்றையே கிளறிக்கொண்டிருந்தான். பிறகு தன் கிண்ணத்தில் இருந்த குழம்பு முட்டையை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தான். “சாப்பிட்டுட்டுப் போலாம். கடை மூட நேரமிருக்கு.”

அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்ததும் மிங்தாவின் முகம் விழுந்துவிட்டது. “அக்கா, முதலாளிகிட்ட போகாதீங்க, ப்ளீஸ்.”

“அதுக்கு வரல. ஒரே ஒரு கேள்வி. மெஷின் ரிப்பேருக்குப் போயிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் நான் எதுல வேலை செய்யறது?” தன் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள்.

மிங்தா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான். அவள் விரல்கள் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

“முதல்ல கைய எடுங்கக்கா. சொல்றேன்.”

ஷூயின் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“மாத்து மெஷின் யாரும் தர மாட்டாங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல போட்டா ஒரு வாரம். பார்ட் இல்லன்னா அதுக்கும் மேல. எங்க வாரண்டி எடுத்தாலும் நாங்களும் அங்கதான் அனுப்புவோம், கூட ரெண்டு நாள் ஆகும். அதுல எங்களுக்குக் கமிஷன், அதான் விக்கறோம். உங்களுக்கு அது வேண்டாம். செத்துப்போன பழசைக் கொண்டாங்க, இங்கயே சரி பண்ணித் தரேன். அதை மாத்துக்கு வெச்சுக்கங்க.” சொல்லிவிட்டு, தானாகவே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். “அந்தப் பொண்ணு உங்களுக்குப் பக்கத்துலதானே உட்காருவா? இங்க வந்து நின்னு பாருங்க. இந்தத் திரை சாய்ஞ்சு பார்த்தாலும் மங்காது. அந்தத் தங்கக் கலருல இது வராது.”

அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு விற்பனைக்காரன் சொன்னதில் உருப்படியான பேச்சு அதுதான். வாங்கிவிட்டாள். வாரண்டியை நீட்டிக்கவில்லை. ஜின்ஃபா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. அவன் வாய் திறக்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். களைப்பில் விட்டுவிட்டாள்.

புது லேப்டாப் வகுப்பில் வெண்ணெய்போல் ஓடியது. பழையதும் பிழைத்து வந்து அலமாரியில் உட்கார்ந்தது. இனி நிம்மதி என்று அவள் நினைத்தபோது, கடையில் நடந்ததை ஜின்ஃபா குடியிருப்பு முழுக்கச் சொல்லித் தீர்த்திருந்தான். மின்தூக்கியில் பார்ப்பவர்கள் எல்லாம் அவள் விரல்களைப் பார்த்தார்கள்.

“குடியிருப்போர் கூட்டம் வருது” என்று ஆரம்பித்தான். “தலைவர் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றாரு, அடுத்த தடவை சொல்லவே இல்லங்கறாரு. நீ மட்டும் வந்து உட்கார்ந்து தட்டினா…”

“நான் என்ன போலீஸா?”

“ஒரே ஒரு கூட்டம்.”

தொணதொணப்பு தாங்காமல் போனாள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி விவாதம். தலைவர் லூ, போன கூட்டத்தில் சொன்னதை முதலில் மறுத்தார், பிறகு அந்த மறுப்பையே மறுத்தார். ஜின்ஃபா இந்தத் தருணத்துக்காகவே பிறந்தவன்போல் எழுந்தான். “இதோ, இதோ பாருங்க, இப்பத்தானே நீங்களே…” என்று திரையைச் சுட்டிக்காட்டக் கையை வீசினான். அவனுடைய ஊலாங் தேநீர்க் குவளை கீபோர்டின்மேல் கவிழ்ந்தது.

தலைவர் லூதான் ஓடிப்போய்க் காகிதத் துடைப்பான் கொண்டு வந்தார். ஷூயின் லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேநீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கத்தவில்லை. கத்துவதற்கான எல்லையெல்லாம் தாண்டிவிட்டிருந்தது.

மின்தூக்கியில் இருவர் மட்டும்.

“ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே” என்றான் ஜின்ஃபா.

“இனிமே படறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?”

“நான் வாரண்டி எக்ஸ்டெண்ட் பண்ணிட்டேன். கடையோடது இல்ல, கம்பெனியோடது. அவங்க இணையதளத்துலயே இருந்துச்சு. முழுசாப் படிச்சேன். கொட்டினா உண்டு.”

ஷூயின் அவனை உற்றுப் பார்த்தாள். “வேண்டாம்னு நான் சொன்னதுக்கப்புறமா?”

“மறுநாளே.”

“எதுக்கு?”

“ஆயுசு பூரா சிக்னல் பார்த்தவன் நான். பழுது எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு எனக்குத் தெரியாதா?”

“எந்தப் பக்கத்துலேர்ந்து?”

ஜின்ஃபா மின்தூக்கியின் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நம்ம வீட்ல நான் இருக்கேனே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை அவனுக்குக் காட்ட மனமில்லை. ஐந்தாவது மாடி வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சர்வீஸ் சென்டரில் ஓர் இளம்பெண் லேப்டாப்பை முகர்ந்து பார்த்தாள். “தேநீரா?”

“ஊலாங்” என்றான் ஜின்ஃபா. “சர்க்கரை போடாதது.”

“சர்க்கரை இல்லாதது நல்லதாப் போச்சு. கீபோர்டு மாத்தணும், ஒரு வாரம் ஆகும். செலவு ஒண்ணும் இல்ல, உங்க திட்டத்துல வந்துடும். நல்ல முடிவு எடுத்திருக்கீங்க சார், நிறையப் பேர் வேண்டாம்னுட்டு அப்புறம் இங்க வந்து அழுவாங்க.”

ஜின்ஃபாவின் முதுகு நிமிர்ந்த விதத்தைப் பார்த்ததும், அடுத்த ஒரு வருஷத்துக்குத் தன் காதுக்கு என்ன கதி என்று ஷூயினுக்குத் தெரிந்துபோனது.

“கொட்டினது யாருன்னும் அந்தப் பாரத்துல எழுதிக்கம்மா” என்றாள்.

“அதெல்லாம் தேவையில்ல அக்கா.”

“எனக்குத் தேவை.”

திரும்பும் வழியில் பேருந்தில் இடம் கிடைத்தது. யாரோ ஒரு வயதானவர் ஜின்ஃபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி பாலம் ஏறுவதற்குள் ஜின்ஃபா அவரிடம் தொடங்கிவிட்டான்: லேப்டாப் வாங்கினால் கடை வாரண்டியை நம்பக் கூடாது, கம்பெனி வாரண்டியைத்தான் நீட்டிக்க வேண்டும், அதிலும் பொடி எழுத்தை விடக் கூடாது. அவருக்கு லேப்டாப் வாங்கும் எண்ணமே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஷூயின் பையைத் திறந்து பார்த்தாள். மறுநாள் வகுப்புக்கு வேண்டிய சார்ஜர் இருந்தது. பழைய லேப்டாப் வீட்டில் தயாராக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் கிடந்த விரல்கள் மட்டும் ஜின்ஃபா சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தன.